நடக்கும் உரிமைக்கு நூறு வயது, கடக்கும் உரிமைக்கு?

1924 ஆகஸ்ட் 22ஆம் தேதி சென்னை மாகாணச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த வகுப்பில் பிறந்தவராக இருந்தாலும் எந்த நகரத்திலும் எந்தக் கிராமத்திலும் பொதுச் சாலையில், தெருவில், பாதையில் நடந்து போகலாம். பொது அலுவலகம், கிணறு, குளம், மக்கள் கூடும் இடம் எல்லாவற்றையும் சாதி இந்துக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்களோ அப்படியே பயன்படுத்தலாம். இதுதான் அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. 1925 பிப்ரவரியில் அரசிதழிலும் வெளிவந்தது.

நாம் சந்திக்கிற கல்லூரி மாணவர்களில் பலருக்கு வைக்கம் தெரிகிறது. இந்தத் தீர்மானம் தெரியவில்லை. பாடப்புத்தகத்தைக் குறை சொல்லிவிட்டு இங்கேயே நிறுத்தலாம். ஆனால் இன்று அதைப் பேசக் காரணம் வேறு.

கொடைக்கானல் நாயுடுபுரத்தில், வண்டிகள் நிற்காமல் வருகிற சாலையைப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும் கடப்பதற்கு ஒரு ஜீப்ரா கிராசிங் வேண்டும் என்று மனு எழுதலாம் என மாணவர்களோடு பேசிக்கொண்டிருந்தோம். ஒரு மாணவி நேராகக் கேட்டார்: "ரோட்டில் வெள்ளைக் கோடு போடச் சொல்வது நகராட்சி வேலை. இதற்கும் தலித் அரசியலுக்கும் என்ன சம்பந்தம்?" நியாயமான கேள்வி. ஒரே வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வியும் கூட.

சாதி முதலில் தூரமாகத்தான் தரையில் வரையப்பட்டது. யார் எந்தத் தெருவில் நுழையலாம், எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும், செருப்பைக் காலில் போடலாமா கையில் தூக்க வேண்டுமா, எதிரே ஆள் வந்தால் பாதையை விட்டு எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று நடையைத்தான் அது ஒழுங்குபடுத்தியது. அதனால்தான் நம் முன்னோர் நடத்திய முதல் போராட்டங்களில் பல நடைப் போராட்டங்களாக இருந்தன. 1893இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி வில்வண்டி பூட்டிப் பொதுச் சாலையில் ஓட்டிப் போனார். அவர் போனது ஏதோ ஓர் ஊருக்கு என்று நினைத்தால் தவறு. அந்தச் சாலையில் போவதுதான் அவருடைய நோக்கம்.

வைக்கத்தில் 1924 மார்ச் 30ஆம் தேதி மூன்று பேர் தடைப்பலகையைத் தாண்டி நடக்கப் போனார்கள். புலையர் குஞ்ஞாப்பி, ஈழவர் பாகுலேயன், நாயர் கோவிந்த பணிக்கர். அவர்கள் கேட்டது கோயிலுக்குள் நுழைய அனுமதி இல்லை. கோயிலைச் சுற்றியிருந்த சாலையில் நடக்க மட்டுமே. பொதுப் பணத்தில் பராமரிக்கப்பட்ட சாலை அது. கிறிஸ்தவரும் முஸ்லிமும் தடையில்லாமல் போய்வந்த சாலை. இந்து என்று எண்ணப்பட்ட அவர்ணருக்கு மட்டும் தடை. பெரியார் சிறை சென்றார், நாகம்மையார் களத்தில் நின்றார், காந்தி வந்து பேசினார். இவையெல்லாம் நாம் அறிந்த கதை.

முடிவு எப்படி வந்தது என்பதைத்தான் நாம் போதிய அளவு பேசுவதில்லை. 1925 நவம்பரில் போராட்டம் நிறுத்தப்பட்டபோது மூன்று பக்கச் சாலைகள் திறந்தன. கிழக்குப் பக்கம் திறக்கவில்லை. அந்தப் பக்கம் போக முடியாதவர்களுக்கு மாற்று வழியாகச் சாலை போட்டுக் கொடுத்தது அரசு. முழுக் கதவும் திறக்க 1936இல் திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரவேண்டியிருந்தது. இந்த "மாற்று வழி" என்ற விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பொறியாளர்களுக்கும் அது மிகவும் பிடித்த விஷயம்.

சீனிவாசனின் தீர்மானம் வைக்கம் தொடங்கி ஐந்தே மாதத்தில் வந்தது. தெருவில் ஒரு போராட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே சட்டசபைக்குள் ஒருவர் அதே கோரிக்கையைக் கோப்பாக மாற்றினார். தீர்மானம் ஆவதோடு அவர் விடவில்லை. அரசாணையாக வேண்டும், அரசிதழில் வர வேண்டும், கீழே இருக்கிற அலுவலர் வரை போய்ச் சேர வேண்டும் என்பதே அன்றைய தலித் தலைவர்களின் முறை. கோவையைச் சேர்ந்த ஆர். வீரையன் சட்டசபையில் இந்தப் பிரச்சினையை விடாமல் தொடர்ந்தார். 1938இல் எம்.சி. ராஜா முன்னெடுத்த சமூக இயலாமைகளை நீக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது. இடையில் 1927இல் மகாத் குளத்தை நோக்கி அம்பேத்கர் நடந்தார். பம்பாய்ச் சட்டசபை பொது நீர்நிலைகளைத் திறக்கச் சொல்லி 1923இலேயே எஸ்.கே. போலேயின் தீர்மானத்தை நிறைவேற்றியிருந்தது. நான்கு ஆண்டுகள் அந்தத் தீர்மானம் காகிதமாகவே கிடந்ததால்தான் மகாத்தில் நடக்க வேண்டியிருந்தது.

அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவை எடுத்துப் பாருங்கள். கடை, உணவகம், கிணறு, குளம், குளிக்கும் துறை என்று வரும் அந்தப் பட்டியலில் சாலையும் இருக்கிறது. ஒரு நாட்டின் அடிப்படை உரிமைகளில் "சாலை" என்ற சொல் ஏன் வர வேண்டும்? வேறு நாட்டுச் சட்ட மாணவருக்கு அது புதிராக இருக்கலாம். நமக்கு இல்லை. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வழக்கமாகப் போய்வரும் வழியை மறிப்பதைக் குற்றம் என்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989இல் ஒரு சுவர் எழுந்தது. சேரி மக்கள் பிரதான சாலைக்குப் போக ஊரைச் சுற்ற வேண்டியதாயிற்று. 2008 மே 6ஆம் தேதி மாவட்ட நிர்வாகம் அதில் ஒரு பகுதியை இடித்தது. இன்னும் அண்மையில், 2023 டிசம்பர் கடைசியில், நம் மலையின் அடிவாரத்தை ஒட்டிய மடத்துக்குளம் வட்டம் இராஜாவூரில் தலித் மக்கள் கம்பள நாயக்கன் தெருவில் செருப்புக் காலோடு நடந்தார்கள். பல பத்தாண்டுகளாக அது முடியாத காரியமாக இருந்தது. சீனிவாசனின் தீர்மானத்துக்கு அப்போது 99 வயது.

இனி மலைக்கு வருவோம்.

கொடைக்கானல் சாலைகளின் வரலாற்றை நடக்கிறவர்கள் பக்கமிருந்து யாரும் எழுதவில்லை என்பது நம் ஆதங்கம். 1845இல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் இங்கே முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். அன்று வண்டிச் சாலை கிடையாது. பெரியகுளம் பக்கமிருந்து செங்குத்தான பாதையில் ஏறி வர வேண்டும். துரைமாரும் அம்மாமாரும் குழந்தைகளும் நாற்காலியிலும் டோலியிலும் உட்கார்ந்து வந்தார்கள். பியானோவும் புத்தகப் பெட்டியும் ஆள் தலையில் வந்தன. வண்டிகள் ஏறக்கூடிய மலைச்சாலை வேலை 1870களில் தொடங்கி, இடையில் நின்று, 20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில்தான் முடிந்தது. லாஸ் காட் ரோடு என்று அதைத் திட்டமிட்ட மேஜர் லாவின் பெயரைச் சொல்கிறோம். அதுவரை ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் இந்த ஊரை மேலே தூக்கி வந்த தோள்களுக்கு அந்தக் காலக் குறிப்புகளில் "கூலிகள்" என்ற ஒற்றைச் சொல்தான். பெயர் கிடையாது.

அதற்கும் முன்பிருந்தே மலையில் ஓர் ஏற்பாடு இருந்தது. பழனி மலையின் பழங்குடிகளான புலையர்களைக் குன்னுவ நிலக்காரர்களுக்கு அடிமைப்பட்டவர்களாகவே காலனியப் பதிவுகள் வருணிக்கின்றன. மலை என்றால் சாதி கொஞ்சம் இளகியிருக்கும் என்று சமவெளியில் இருப்பவர்கள் நினைப்பதுண்டு. குளிருக்கு அந்தச் சக்தி இல்லை.

1863இல் மதுரை கலெக்டராக இருந்த வெரி ஹென்றி லெவிஞ்ச் ஏரியை உண்டாக்கினார். 1872இல் லெப்டினன்ட் கோக்கர் மலை விளிம்பில் ஒரு நடைபாதை அமைத்தார். கோக்கர்ஸ் வாக். கொடைக்கானலில் நடப்பதற்கென்றே, வண்டி வராமல், பாதுகாப்பாக, தடுப்புக் கம்பி போட்டு, பராமரித்து வைத்திருக்கிற பாதை எது என்று கேட்டால் இன்றும் அதைத்தான் காட்ட வேண்டும். அதற்கு டிக்கெட் வாங்க வேண்டும்! பள்ளத்தாக்கைப் பார்க்க நடப்பவருக்கு 150 ஆண்டுகளுக்கு முன்பே பாதை கிடைத்துவிட்டது. விடுதியில் படுக்கை விரிக்கவும், காட்டேஜ் பாத்திரம் கழுவவும், தோட்டத்தில் கேரட் பிடுங்கவும், குப்பை அள்ளவும் நடப்பவருக்குச் சாலையின் ஓரம்தான். அந்த ஓரமும் சீசனில் பார்க்கிங் ஆகிவிடும்.

நாயுடுபுரத்தின் நிலையைச் சொல்கிறோம். செட்டியார் பூங்காவும் குறிஞ்சி ஆண்டவர் கோயிலும் அந்தப் பக்கம்தான். சுற்றுலா வேனும் டெம்போவும் வாடகை ஜீப்பும் வெளியூர் காரும் அங்கே போய்வருகின்றன. மலைச் சாலைக்கே உரிய வளைவு, ஏற்றம், இறக்கம். மூன்று மணிக்கு மேல் மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் வருவது வண்டியா மாடா தெரியாது. இறக்கத்தில் வருகிற வெளியூர் ஓட்டுநருக்கு இந்த இடத்தில் மனிதர்கள் குறுக்கே போவார்கள் என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. அவரை மட்டும் திட்டிப் பயனில்லை. பாதசாரிகள் கடக்கும் இடத்தில் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து வழிவிட வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறை. கடக்கும் இடம் எது என்று யாரும் குறிக்காவிட்டால் அந்த விதி எங்கே பொருந்தும்?

2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும், 2025 ஏப்ரல் முதல் கோடை சீசனுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 சுற்றுலா வண்டிகள் என்று கொடைக்கானலுக்கு உச்ச வரம்பு வைத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். நல்ல உத்தரவு. மலை தாங்குமா என்று கேட்ட உத்தரவு. அதனால் இன்று கொடைக்கானலுக்குள் வரும் ஒவ்வொரு சுற்றுலா வண்டிக்கும் கணக்கு இருக்கிறது. நடந்து போகிற மனிதருக்குக் கணக்கு இல்லை. மனு எழுத உட்கார்ந்தால் நம்மை முதலில் தடுப்பதும் இந்தக் கணக்குதான்.

எப்படி என்று விளக்க வேண்டும். கொஞ்சம் கணிதம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாலையைக் கடக்க எங்கே என்ன வசதி செய்ய வேண்டும் என்பதற்கு இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பு ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. ஐ.ஆர்.சி. 103 என்பார்கள். முதலில் 1988இல் வந்தது, 2012இல் திருத்தப்பட்டது, பிறகு மீண்டும் திருத்தப்பட்டது. கட்டுப்படுத்தப்பட்ட கடவை ஓரிடத்துக்குத் தேவையா என்று பார்க்க 2012 பதிப்பில் ஒரு சூத்திரம் உண்டு. நெரிசல் நேரத்தில் ஒரு மணிக்கு எத்தனை பேர் கடக்கிறார்கள், எத்தனை வண்டி போகிறது என்று எண்ண வேண்டும். வண்டி எண்ணிக்கையை அதே எண்ணால் பெருக்கி, வருவதை ஆட்களின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் விடை பத்துக் கோடியைத் தொட்டால் கடவை தேவை. தடுப்பு இருந்தால் இருபது கோடி. பிரிட்டனில் ஒரு காலத்தில் இருந்து, பின்னர் அவர்களே கைவிட்ட முறையின் வாரிசு இது.

போட்டுப் பாருங்கள். ஒரு மணிக்கு 1,000 வண்டி போகிற பெருநகரச் சாலை என்றால் 100 பேர் கடந்தால் போதும். 400 வண்டி போகிற சாலையில் 625 பேர் கடக்க வேண்டும். 200 வண்டி என்றால் 2,500 பேர்! ஒரு சின்ன மலையூரில் ஒரே இடத்தில், ஒரு மணி நேரத்தில் 2,500 பேர் கடக்க வேண்டுமானால் திருவிழாதான் நடக்க வேண்டும். சூத்திரத்தில் வண்டிக்கு வர்க்கம், ஆளுக்கு ஒற்றை எண். எந்தச் சாதியின் பெயரும் அதில் இல்லை. யாரையும் தள்ளிவைக்க வேண்டும் என்று அதை எழுதியவர் நினைக்கவும் இல்லை. ஆனால் கார் நிறைந்த தெருவில் நடப்பவருக்கு எளிதாகவும், வண்டி விட்டு விட்டு வேகமாக வருகிற சேரி முனையிலும் கிராமத்து வளைவிலும் நடப்பவருக்குக் கடினமாகவும் அது வேலை செய்கிறது. சமூகவியல் படித்தவர்கள் இதற்கு அமைப்புசார் பாகுபாடு என்று பெயர் வைப்பார்கள். பெயரை விடுங்கள், கணக்கைப் பாருங்கள்.

அதே வழிகாட்டியில் வேறு வாசல்களும் உண்டு. வண்டிகள் 65 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகிற இடம், கடப்பதற்கு அளவுக்கு மீறிக் காத்திருக்க வேண்டிய இடம், ஓர் ஆண்டில் பாதசாரிகள் மீது மோதி ஐந்து காய விபத்துகள் பதிவான இடம். கடைசியை மறுபடி வாசியுங்கள். ஐந்து பேர் அடிபட வேண்டும், ஐந்தும் காவல் நிலையத்தில் பதிவாக வேண்டும். தினக்கூலிக்குப் போகிறவர் மீது பைக் உரசினால் ஓட்டியவர் ஐந்நூறு ரூபாய் கொடுப்பார், பக்கத்து மருந்துக்கடையில் கட்டுப் போடுவார்கள், அன்றைய கூலி போகும். எஃப்.ஐ.ஆர். எங்கிருந்து வரும்? பதிவாகாத விபத்து நடக்காத விபத்து. தீண்டாமை வழக்குகளில் இதே வாக்கியத்தை வேறு சொற்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம்.

சாலை யாருடையது என்ற கேள்வி உலகம் முழுவதும் ஒரு காலத்தில் திறந்தே இருந்தது. மோட்டார் கார் வருவதற்கு முன் தெரு எல்லோருக்கும் பொது. 1920களில் அமெரிக்க நகரங்களில் கார்கள் பிள்ளைகளைக் கொன்று குவித்தபோது மக்கள் கோபம் கார்கள் மீதுதான் திரும்பியது. அதை மாற்றக் கார் வியாபாரத்தின் ஆதரவாளர்கள் பயன்படுத்திய கருவிகளில் ஒன்று ஒரு வசைச்சொல்: "ஜேவாக்கர்". ஜே என்றால் நகரத்தில் நடக்கத் தெரியாத பட்டிக்காட்டான். குறுக்கே நடப்பவன் நாகரிகம் இல்லாதவன் என்று சிரித்துச் சிரித்தே தெருவை அவனிடமிருந்து வாங்கிவிட்டார்கள். ஒருவரை இடத்திலிருந்து வெளியேற்ற முதலில் அவருக்கு ஓர் இழிபெயர் வைக்க வேண்டும் என்பது நமக்குப் புதிய செய்தியா என்ன!

பிரிட்டனில் 1934இல் போக்குவரத்து அமைச்சர் லெஸ்லி ஹோர் பெலிஷா பாதசாரிகள் கடக்கும் இடங்களில் ஆரஞ்சு உருண்டை வைத்த கம்பங்களை நட்டார். கறுப்பு வெள்ளைப் பட்டைகளோடு சட்டப்படியான ஜீப்ரா கிராசிங் 1951இல்தான் வந்தது. கம்பம் மட்டும் இருந்தால் ஓட்டுநர் கண்ணில் படவில்லை என்று பட்ட அனுபவம் அதற்குப் பின்னால் இருந்தது. பனியில் வண்டி விளக்கு பட்டு மின்னுகிற பூனைக்கண் ரிஃப்ளெக்டரும் அதே 1930களில், பனி நிறைந்த யார்க்‌ஷயரில் பிறந்தது. கொடைக்கானலுக்கு அளவெடுத்துச் செய்தது மாதிரி. நெதர்லாந்தில் 1970களின் தொடக்கத்தில் "குழந்தைக் கொலையை நிறுத்து" என்ற பெயரிலேயே பெற்றோர் இயக்கம் நடந்தது. அங்கே 1971இல் ஒரே ஆண்டில் 400க்கும் மேற்பட்ட குழந்தைகள் சாலையில் இறந்திருந்தார்கள். சாலையை மறித்துப் பிள்ளைகளை விளையாடவிட்டார்கள். இன்று சைக்கிள் நாடு என்று நாம் வியக்கும் நெதர்லாந்தை உருவாக்கியதில் அந்தத் தெரு மறியல்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

சென்னையிலும் ஒரு திருப்பம் வந்தது. 2014இல் மாநகராட்சி மோட்டார் அல்லாத போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. நடப்பவரையும் சைக்கிளையும் முன்னால் வைப்பதாகச் சொன்ன கொள்கை. 2019 நவம்பரில் தியாகராய நகர் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. அழகாகத்தான் இருக்கிறது, நாமும் போய் நடந்தோம். ஆனால் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்த்து அனுப்பப்பட்டவர்கள் பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும் பாதைக்கு அந்த அழகு எப்போது போய்ச் சேரும்? கோக்கர்ஸ் வாக்கும் பாண்டி பஜாரும் ஒரே குடும்பம். பொழுதுபோக்க நடப்பவருக்கும் பொருள் வாங்க நடப்பவருக்கும் முதலில் பாதை கிடைக்கிறது. பிழைக்க நடப்பவர் வரிசையில் பின்னால்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2023இல் இந்தியச் சாலைகளில் 1,72,890 பேர் இறந்தார்கள். அவர்களில் 35,221 பேர் நடந்து போனவர்கள். 2016இல் இறந்தவர்களில் பத்தில் ஒருவராக இருந்த பாதசாரி ஏழே ஆண்டுகளில் ஐந்தில் ஒருவராக மாறிவிட்டார். அமைச்சகத்தின் ஆண்டறிக்கை இறந்தவர்களை வயது, பால், வண்டி வகை, சாலை வகை என்று பிரித்துக் காட்டும். சாதி கிடையாது. ஆகவே இந்த 35,221 பேரில் எத்தனை பேர் நம் மக்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. காரில் போக முடியாதவர் யார், பஸ் நிற்காத முனையில் வீடு இருப்பவர் யார், சாலைக்கு அந்தப் பக்கம் ஊரும் இந்தப் பக்கம் சேரியுமாக வாழ்பவர் யார் என்று நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். புறவழிச்சாலை போடும்போது நிலம் எந்தப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பல ஊர்களில் ரேஷன் கடையும் பள்ளியும் ஒரு பக்கம், காலனி மறுபக்கம். நடுவே நான்கு வழிச்சாலை.

மக்கள் தட்டிக் கேட்கும்போது அதிகாரிகளிடமிருந்து வருகிற பதில் பெரும்பாலும் நடை மேம்பாலம் அல்லது சுரங்கப்பாதை. அதாவது வண்டி நேராகப் போகும், நீ படியேறிச் சுற்றிப் போ. தலையில் சுமையோடு வருகிற அம்மாவும் முழங்கால் வலியோடு வருகிற தாத்தாவும் நாற்பது படி ஏறுவார்களா? ஏறாமல் குறுக்கே போனால் "மேம்பாலம் கட்டியும் மக்கள் பயன்படுத்துவதில்லை" என்று செய்தி வரும். வைக்கத்தின் மாற்று வழிதான் இது. சாலை அவர்களுக்கே இருக்கட்டும், உனக்குச் சுற்றிப் போக ஒன்று கட்டித் தருகிறோம்.

நீதிமன்றப் பக்கம் நம்பிக்கை தரும் சில அசைவுகள் உண்டு. 2012இல் கோவை எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலை மரணங்கள் குறித்து உச்ச நீதிமன்றம் போனார். நொறுங்கிய எலும்புகளை ஒட்டிக்கொண்டே இருந்தவர், உடைவது எங்கே என்று கேட்கப் போனார் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வழக்கு இன்றும் உயிரோடு இருக்கிறது. 2025 மே 14ஆம் தேதி நீதிபதிகள் ஓகாவும் உஜ்ஜல் பூயானும் நடைபாதையில் பாதுகாப்பாக நடக்கும் உரிமை 21ஆம் பிரிவின் வாழ்வுரிமையில் அடங்கும் என்றார்கள். அக்டோபர் 7ஆம் தேதி நீதிபதிகள் பர்திவாலாவும் கே.வி. விஸ்வநாதனும் 50 நகரங்களில் நடைபாதைகளையும் கடவைகளையும் தணிக்கை செய்யச் சொன்னார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 138(1ஏ), 210டி பிரிவுகளின் கீழ் மாநில அரசுகள் ஆறு மாதத்தில் விதிகள் வகுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார்கள். முதல் பிரிவு பாதசாரிகளுக்கானது, இரண்டாவது தேசிய நெடுஞ்சாலை அல்லாத சாலைகளின் வடிவமைப்புக்கானது.

50 நகரங்கள் என்பது பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் பெருநகரங்கள். கொடைக்கானல் அதில் வராது. நாயுடுபுரம் நிச்சயம் வராது. ஆனால் மாநில விதிகள் எல்லாச் சாலைக்கும் வரும். அந்த விதிகளில் வண்டி வர்க்கச் சூத்திரம் மட்டுமே அளவுகோலாக எழுதப்பட்டுவிட்டால் இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு நம் பிள்ளைகள் அதனோடு மல்லுக்கட்ட வேண்டும். பள்ளி, ரேஷன் கடை, அங்கன்வாடி, பஸ் நிறுத்தம், ஆதிதிராவிடர் குடியிருப்பு ஆகியவற்றின் முன்னால் எண்ணிக்கை பார்க்காமல் கடவை போட வேண்டும் என்பதை நம் அமைப்புகள் எழுத்தில் வைக்க வேண்டும். சீனிவாசன் செய்தது அந்த வேலைதான். அவர் காலத்துக் கோரிக்கை கேட்டவருக்கு வேடிக்கையாகக்கூட இருந்திருக்கும்: தெருவில் நடக்க ஒரு அரசாணையா?

இனி நாயுடுபுரம் மனு. மாணவர்களுக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறோம், உங்கள் ஊருக்கும் பொருந்தும்.

முதலில் சாலை யாருடையது என்று தெரிய வேண்டும். நகராட்சியா, மாநில நெடுஞ்சாலைத் துறையா? இது தெரியாமல் போனால் ஒருவர் மற்றவரைக் கைகாட்ட, ஒரு வருடம் ஓடிவிடும். பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமை மனு போடுங்கள், வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவருக்கு அந்தப் பத்தும் வேண்டாம். அதிலேயே கடந்த மூன்று ஆண்டுகளில் அந்தச் சாலையில் பதிவான பாதசாரி விபத்துகளையும், கலெக்டர் தலைமையில் கூடுகிற மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் கூட்டக் குறிப்புகளையும் கேளுங்கள். கோரிக்கை மனுவைத் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, மனு எண்ணை வாங்காமல் நகராதீர்கள். மனுவில் 198ஏ பிரிவைக் குறிப்பிடுவது நல்லது. சாலை வடிவமைப்புத் தரத்தைப் பின்பற்றாததால் மரணமோ ஊனமோ ஏற்பட்டால் பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது அது. மிரட்டல் வேண்டாம், சட்டத்தின் எண் போதும்.

வெறும் பெயின்ட் கோடு கேட்காதீர்கள். மலை மழையில் ஒரு பருவத்தில் அழிந்துவிடும், பனியில் தெரியவே தெரியாது. வேகத்தடை மாதிரி உயர்த்திக் கட்டிய டேபிள் டாப் கடவை, இரு பக்கமும் வளைவுக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை, சாலையில் பதித்த ரிஃப்ளெக்டர், தலைக்கு மேலே ஒரு தெருவிளக்கு. நான்கையும் சேர்த்துக் கேளுங்கள். ஒன்றைக் கொடுத்து மூன்றை விட்டால் அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

எண்ணும் வேலையை அரசு செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இருவர் வண்டியை எண்ணட்டும், இருவர் ஆட்களை. ஆட்களை எண்ணுகிறவர் பள்ளிப் பிள்ளைகள், முதியவர், சுமையோடு வருபவர் என்று மூன்று தனிக் கோடு போட வேண்டும், ஏனென்றால் சூத்திரம் அந்த மூவரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒருவர் கடக்க எத்தனை விநாடி காத்து நின்றார் என்பதையும் செல்போன் கடிகாரத்தில் பார்த்து எழுதுங்கள், அளவுக்கு மீறிய காத்திருப்பும் ஒரு வாசல் என்று மேலே சொன்னோம். சீசன் ஞாயிற்றுக்கிழமை மாலை ஒன்று, பள்ளி இருக்கிற சாதாரண செவ்வாய்க்கிழமைக் காலை ஒன்று என இரண்டு நாள் எடுங்கள். ஞாயிறு வண்டிகளின் நாள், செவ்வாய் நம் பிள்ளைகளின் நாள். மனுவோடு இரண்டு தாள்களும் போக வேண்டும்.